ஜப்பானில் குயவர்களைத் தேடிப் போவது எப்படி? மாஷிகோவில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் மாஷிகோ என்ற ஊரில், புகழ்பெற்ற குயவர் ஹமாடா ஷோஜி வேலை செய்த கூடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் மரச்சக்கரங்கள். சக்கரத்தின் மேல் ஓரமாக ஒரு குழி. அதில் கோலை நுழைத்துச் சுழற்றிவிட்டு, ஓட்டம் அடங்குவதற்குள் மண்ணை எழுப்ப வேண்டும். அந்தக் குழியைப் பார்த்ததும் எங்கள் ஊரில் சட்டி வனைந்த தாத்தா நினைவுக்கு வந்தார். அவரும் கோல்தான் வைத்திருந்தார். அவருடைய சக்கரம் தரையோடு தரையாக இருக்கும், இது மேடையில் பதித்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அங்கிருந்து நகர எனக்கு மனம் வரவில்லை.

அது என்னுடைய இரண்டாவது பயணம். முதல் பயணத்தில் ஐந்து நாளில் நான்கு ஊர்களைச் சுற்றினேன். நிறையக் கடைகளைப் பார்த்தேன், ஒரு குயவரைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை ஒரே ஊரில் மூன்று நாள் தங்கினேன். குயவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நாட்களைக் கூட்ட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. கீழே உள்ள எல்லாப் படிகளும் அதிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

ஜப்பானில் மண்ணுக்குப் பெயர்போன ஊர்கள் ஏராளம். செட்டோ, டொகொனாமே, எச்சிஸென், ஷிகராகி, டம்பா, பிஸென் ஆகிய ஆறையும் ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்பார்கள். இடைக்காலத்திலிருந்து இன்றுவரை சூளை அணையாத ஊர்கள் இவை. 2017-இல் இந்த ஆறும் சேர்ந்து ‘ஜப்பான் பாரம்பரியம்’ என்ற பட்டியலில் இடம்பெற்றன. ஆறையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம்.

உங்களுக்கு எது பிடிக்கும் என்று முதலில் யோசியுங்கள். நெருப்பு மண்ணில் என்ன செய்கிறது என்று பார்க்க ஆசையா? ஒகயாமா மாகாணத்தின் பிஸெனுக்குப் போங்கள். அங்கே கலத்துக்குக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சே கிடையாது. நெல்வயலுக்கு அடியிலிருந்து எடுத்த மண்ணை வனைந்து, சிவப்புப் பைன் விறகில் பத்து நாள், இரண்டு வாரம் என்று விடாமல் எரிக்கிறார்கள். பறந்து வந்து ஒட்டும் சாம்பல் எள் தூவியதுபோல் படியும். கலத்தைச் சுற்றிய வைக்கோல் எரிந்து செந்நிறக் கோடுகளை விட்டுச் செல்லும். ஒகயாமாவிலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடத்தில் வரும் இம்பே நிலையத்தில் இறங்கினால் குயவர் தெருவிலேயே இறங்கிய மாதிரி.

ஒரு கிராமம் முழுவதும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமா? கியூஷு தீவில் ஹிதா நகரத்துக்கு மேலே மலையில் இருக்கும் ஒன்டாவுக்கு இணை இல்லை. 1705-இல் மண்வேலை தொடங்கிய ஊர். பத்துக் குடும்பங்கள் அளவில்தான் இந்த வேலையில் இருக்கின்றன. ஓடை நீர் நிரம்பி வழிய, பெரிய மர உலக்கைகள் தாமே எழுந்து விழுந்து மண் கட்டிகளை இடிக்கின்றன. இரவு பகலாகக் கேட்கும் அந்த ஓசையை, ஜப்பான் அரசு 1996-இல் தேர்ந்த நூறு ஓசைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. யாரும் தன் பெயரைக் கலத்தில் பொறிப்பதில்லை, ஊர்ப் பெயர்தான். ஆனால் போய்ச் சேருவது கடினம். பேருந்து மிகக் குறைவு. கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் ஏற்கெனவே ஒருமுறை ஜப்பான் போனவர்களுக்கும்தான் இதைச் சொல்வேன்.

கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் டொகொனாமே. நகொயா விமான நிலையத்திலிருந்து ரயிலில் சில நிமிடம். பழைய மண்குழாய்களைச் சுவரில் பதித்த சரிவுப் பாதைகள், 1887-இல் கட்டி 1974 வரை எரிந்த பத்துப் புகைபோக்கிச் சூளை, சிவப்பு மண் தேநீர்க் கெண்டிகள் எல்லாம் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. பீங்கான் பிடிக்குமென்றால் கியூஷு தீவின் அரிதா. 1616-இல் கொரியக் குயவர் யி சாம் பியோங் அங்கே பீங்கான் கல்லைக் கண்டெடுத்ததாகச் சொல்வார்கள். அன்றைய ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதெயோஷியின் கொரியப் படையெடுப்பின்போது கொண்டுவரப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஊர்க் கோயிலின் வளைவு வாயில்கூடப் பீங்கான்தான்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை மாஷிகோ. டோக்கியோவிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். பழமை, புதுமை இரண்டும் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறிக் குயவரான ஊர் என்பதால் அந்நியரைப் பார்த்து விலகுவதில்லை. ஹமாடாவும் வந்து குடியேறியவர்தான். 1920-இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸுக்குப் போய் அங்கே சூளை கட்டியவர், நாடு திரும்பி 1924-இல் இங்கே வந்தார். அதற்கு முன் மாஷிகோ டோக்கியோ அடுப்படிகளுக்குத் தண்ணீர்க் குடமும் ஊறுகாய் ஜாடியும் அனுப்பிக்கொண்டிருந்த ஊர். அங்கே மண்வேலை 1853-இல்தான் தொடங்கியது என்பதால் ஜப்பானியக் கணக்கில் இளைய ஊர்.

இரண்டாம் படி: எப்போது போவது

மாஷிகோவில் ஆண்டுக்கு இரண்டு மண்பாண்டச் சந்தைகள். ஒன்று ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும், மற்றொன்று நவம்பர் தொடக்கத்தில். 1966 முதல் நடக்கின்றன. தெருவெங்கும் நூற்றுக்கணக்கான கூடாரங்கள் போட்டு, செய்தவரே உட்கார்ந்து விற்பார். பேச்சுக் கொடுக்க இதைவிட எளிய இடம் இல்லை.

ஆனால் குயவர் கூடாரத்தில் இருந்தால் பட்டறை பூட்டித்தானே இருக்கும்? சந்தை நாட்களில் வேலை நடப்பதைப் பார்க்க முடியாது. மே மாத விடுமுறை வாரத்தில் தங்கும் அறையும் கிடைக்காது. எனக்குப் பிடித்த வழி இது: இலையுதிர்காலச் சந்தையின் கடைசி நாள் போய்ச் சேருங்கள், கூடாரங்களில் நான்கைந்து பேரிடம் பேசுங்கள், பிடித்தவரிடம் முகவரி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து இரண்டு மூன்று நாள் ஓய்வெடுப்பார்கள், தொந்தரவு செய்யாதீர்கள். அந்த நாட்களில் அருங்காட்சியகங்களையும் பக்கத்து ஊரான கசாமாவையும் பாருங்கள். பிறகு பட்டறைக்குப் போகலாம். இவ்வளவு நாள் இல்லாதவர்கள் சந்தையை விட்டுவிட்டு, சாதாரணமான ஒரு செவ்வாய், புதனில் போங்கள். திங்கட்கிழமை வேண்டாம். ஹமாடாவின் வீட்டு அருங்காட்சியகம் உட்படப் பலவும் அன்று மூடியிருக்கும். நான் என் முதல் பயணத்தில் ஓர் ஊரில் திங்கட்கிழமை போய் இறங்கி, மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் படி: போகும் இடங்களின் வகை தெரிந்திருக்கட்டும்

எல்லாம் ‘பட்டறை’தான் என்று நினைத்துக்கொண்டு போனால் குழப்பம் வரும். ‘கமாமோத்தோ’ என்பது சூளை வைத்திருக்கும் வீடு. தலைமுறையாக நடக்கும், பெரும்பாலும் முன்புறம் கடை, பின்புறம் வேலைக்கூடம். கடைக்குள் தாராளமாக நுழையலாம், பின்புறத்துக்கு அனுமதி வேண்டும். ‘சக்கா’ என்பவர் தனியாகத் தன் பெயரில் வேலை செய்பவர். அவருடைய பட்டறை அவர் வீடு. சொல்லாமல் போய் நிற்பது, யாரோ ஒருவர் உங்கள் சமையலறை வாசலில் வந்து நிற்பதற்குச் சமம். ‘தைக்கென்’ என்றால் நீங்களே மண்ணில் கைவைத்துச் செய்து பார்க்கும் இடம், காசு கொடுத்துப் போவது. இவை போகக் கடைகளும் கலைக்கூடங்களும். மாஷிகோவில் ஜொனாய்சகா என்ற தெரு நெடுகக் கடைகள்தான்.

கடையில் ஒருவருடைய வேலை பிடித்திருந்தால், “இவருடைய பட்டறையைப் பார்க்க முடியுமா?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் தொலைபேசியை எடுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நீங்கள் பத்து மின்னஞ்சல் அனுப்பியும் திறக்காத கதவு திறந்துவிடும். ஆள் சொல்லி ஆளைப் பார்ப்பது நமக்குப் பழகிய வழி. அங்கேயும் அதுதான் வழி.

நான்காம் படி: முன்கூட்டியே ஒரு கடிதம்

இரண்டு மூன்று வாரம் முன்பே எழுதுங்கள். பல குயவர்கள் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள், செய்தி அனுப்பலாம். ஊரின் சுற்றுலாச் சங்கத்துக்கும் எழுதலாம். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பித்தான் எழுதப்போகிறோம் என்பதால் வாக்கியங்கள் குட்டையாக இருக்கட்டும். ‘நான்’, ‘நீங்கள்’ என்று எழுவாயை விடாமல் எழுதுங்கள். தமிழில் அதை விட்டுவிட்டு எழுதுவது நமக்கு இயல்பு, ஆனால் செயலி அங்கேதான் தடுக்கி விழும். ஜப்பானியத்தில் வந்ததைத் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். பொருள் மாறியிருந்தால் வாக்கியத்தை உடைத்து மறுபடி எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

“வணக்கம். நான் தமிழ்நாட்டில் வசிக்கிறேன். எனக்கு மண்பாண்டங்கள் பிடிக்கும். நான் உங்கள் தட்டுகளின் படங்களைப் பார்த்தேன். நான் நவம்பர் 12 முதல் 14 வரை மாஷிகோவில் இருப்பேன். நான் உங்கள் பட்டறையை அரை மணி நேரம் பார்க்க முடியுமா? உங்களுக்கு வேலை அதிகமாக இருந்தால் தயங்காமல் மறுக்கலாம். நான் தனியாக வருவேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. நான் மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்துவேன்.”

மறுக்க வழி விட்டு எழுதுவது முக்கியம். நேரடியாக ‘முடியாது’ என்று சொல்ல அங்கே தயங்குவார்கள். ‘அந்த வாரம் கொஞ்சம்…’ என்று இழுத்தால் அது மறுப்புதான். விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்டால் சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பத்து நிமிடம் தாமதமானாலும் செய்தி அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: புறப்படும் முன் கையைப் பழக்குங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் பயணத்தையே மாற்றிவிடும். நம் ஊர்ச் சட்டி பொதுவாக 1,000 டிகிரியைத் தொடாத சூளையில் வெந்தது. தட்டினால் வேறு ஓசை, தண்ணீரை உறிஞ்சும். மாஷிகோக் கலம் 1,200 டிகிரிக்கு மேல் வெந்து கல்லாக இறுகியது, மேலே கண்ணாடிப் பூச்சு உருகிப் படிந்தது. இந்த இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து வித்தியாசம் தெரிந்துகொண்டு போனால், அங்கே கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

அதற்குப் புதுச்சேரிக்கு ஒரு நடை போய் வரலாம். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து அந்தப் பகுதியில் உயர்வெப்பக் கலங்கள் செய்யும் ஒரு பரம்பரையே கிளைத்திருக்கிறது. டெபோரா ஜப்பானில் மண்வேலை பயின்றவர். அதனால் இந்தத் தொடர்பு நாம் வலிந்து கட்டுவது அல்ல. அப்புறம் உங்கள் ஊர்ப் பக்கத்தில் சட்டிபானை செய்யும் வேளார் வீடு இருந்தால் அங்கேயும் ஒரு காலைப் பொழுது உட்காருங்கள். சக்கரம், சூளை, அய்யனார் கோயில் மண்குதிரைகள் என்று பத்துப் படங்கள் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மாஷிகோவில் மொழி நின்றுபோன இடத்திலெல்லாம் எனக்குப் பேச்சைத் தொடங்கிக் கொடுத்தவை அந்தக் குதிரைகள்தான். ஆளுயரக் குதிரையை எத்தனை துண்டாகச் செய்து ஒட்டுகிறீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்லவேளை, வேளாரிடம் அதைக் கேட்டு வைத்திருந்தேன்.

ஆறாம் படி: போய்ச் சேருவது, சுற்றுவது

டோக்கியோவின் அகிஹபாராவிலிருந்து கசாமா வழியாக மாஷிகோவுக்கு நேரடிப் பேருந்து உண்டு, சுமார் இரண்டரை மணி நேரம். முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் சுலபம். ரயிலில் போக விரும்பினால் ஓயாமா வரை ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கிருந்து ஷிமொதாதே, பிறகு மோகா பாதையின் சின்ன ரயில். உட்சுனொமியாவிலிருந்தும் பேருந்து இருக்கிறது, ஒரு மணி நேரம் ஆகும். எதில் போனாலும் திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைகள் மாலை ஐந்துக்கெல்லாம் அடைத்துவிடும்.

ஊருக்குள் மிதிவண்டி வாடகைக்கு எடுங்கள். பட்டறைகள் வயலும் மரமுமாகச் சிதறிக் கிடக்கின்றன. நடந்து தீராது. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பட்டறைகளில் வங்கி அட்டை எடுக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது. காய்கறி சூப் என்று வருவதிலும் பெரும்பாலும் மீன் கலந்திருக்கும்.

முதல் நாள் காலை ஹமாடாவின் வீட்டு அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். சான்கொகான் என்று பெயர், 1977-இல் அவரே திறந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். கூரை வேய்ந்த பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். உள்ளே அவருடைய கலங்களைவிட, உலகெங்கிலும் இருந்து அவர் சேர்த்த சாமானிய வீட்டுப் பொருள்களே அதிகம் ஈர்க்கும். ‘இவற்றிடம் நான் தோற்றேன்’ என்று நினைக்க வைத்த பொருள்களைத்தான் சேர்த்தாராம். பின்னால் சரிவில் ஏறிச் செல்லும் படிச்சூளை, நோபோரிகாமா. 2011 நிலநடுக்கத்தில் ஊரின் பல சூளைகளைப்போல இதுவும் இடிந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து சீரமைத்து, சில ஆண்டுகளில் மறுபடி எரித்தார்கள்.

மதியம் ஜொனாய்சகா கடைகள். அன்று எதையும் வாங்காதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள், பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் பட்டறைகள், காலையில் ஒன்று, மதியம் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். மூன்றாம் நாள் நீங்களே மண்ணைத் தொடுவது, வாங்குவது, கட்டுவது.

ஏழாம் படி: பட்டறைக்குள்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

வாசலில் நின்று “சுமிமாசென்” என்று குரல் கொடுங்கள், நம் ‘வீட்ல யாருங்க?’ மாதிரி. அழைத்தபின் உள்ளே நுழையும்போது “ஓஜாமா ஷிமாசு”, தொந்தரவுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். மரத்தளமோ பாயோ தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றுங்கள். இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதுகுப் பையை வாசலிலேயே இறக்கி வையுங்கள். பட்டறையில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை திரும்பும் பையால் வருபவை. நீளப் பலகைகளில் வனைந்த கலங்கள் காய்ந்துகொண்டிருக்கும். பச்சை மண் கலம் பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும், விரல் பட்டால் பிஸ்கட்போல உடையும். மேல்பூச்சு பூசிச் சூளைக்குக் காத்திருப்பதைத் தொட்டால் விரல் பட்ட இடத்தில் பூச்சு உதிர்ந்து, சுட்டபின் அது தழும்பாகவே நின்றுவிடும். ஆகவே சுடாத எதையும் தொடாதீர்கள், குயவரே எடுத்துக் கையில் கொடுத்தால் தவிர.

சுட்ட கலத்தை எடுக்கும் முன் “சாவாத்தே மோ ஈ தெசு கா?” என்று கேளுங்கள், தொடலாமா என்று அர்த்தம். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். இரண்டு கைகளாலும் எடுங்கள். மேசைக்கு மேலே, ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். மூடி இருந்தால் முதலில் மூடியைத் தனியே எடுத்து வையுங்கள். கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள். படம் எடுக்கும் முன்பும் கேளுங்கள்: “ஷாஷின் ஓ தொத்தே மோ ஈ தெசு கா?” சிலர் முகம் வேண்டாம், கை மட்டும் என்பார்கள். மேல்பூச்சு வாளிகளின் மேல் ஒட்டியிருக்கும் கலவைக் குறிப்பைப் படம் பிடிக்காதீர்கள், அது அவருடைய பல வருட உழைப்பு.

சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காமல், அவர் கலத்தை அறுத்து எடுத்துப் பலகையில் வைக்கும்வரை காத்திருங்கள். சூளை எரிந்துகொண்டிருந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். சூளையின் மேல் உப்பும் அரிசி மதுவும் படைத்திருப்பதைப் பார்க்கலாம். இரவெல்லாம் விழித்திருப்பவரிடம் கதை கேட்கும் நேரம் அது இல்லை.

அரை மணி கேட்டிருந்தால் அரை மணியில் எழுந்திருங்கள். தேநீர் வந்தால் உட்காருங்கள், தேநீர் வந்துவிட்டால் நேரம் தானாக நீளும். நம் ஊரிலிருந்து சின்னப் பொட்டலமாக ஏதாவது கொண்டுபோய்க் கொடுங்கள். தனித்தனியாகக் கட்டிய கடலை மிட்டாய் நன்றாக எடுபடுகிறது. பயணத்தில் கெடாது, வேலை நடுவே பட்டறையில் எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: என்ன கேட்பது

‘இது எவ்வளவு நாள் ஆகும்?’ என்ற கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். ஹமாடாவிடமும் கேட்டார்கள். கரண்டியில் மேல்பூச்சை மொண்டு தட்டின் மேல் வீசி ஊற்றுவது அவர் பாணி, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பதினைந்து நொடி வேலைக்கு இவ்வளவு விலையா என்றவரிடம், பதினைந்து நொடியோடு அறுபது வருடத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாராம்.

மண்ணிலிருந்து தொடங்குங்கள். இந்த மண் எங்கிருந்து வருகிறது, எதைக் கலக்கிறீர்கள்? மாஷிகோ மண் இரும்பு கலந்தது, கொரகொரப்பானது, மெல்லிசாக எழுப்ப இடம் கொடுக்காது. அதனால்தான் அந்த ஊர்க் கலங்களுக்குத் தடிமனான விளிம்பும் கனமும் வந்தன. பிறகு மேல்பூச்சு. பழுத்த பெர்சிமன் பழ நிறத்தில் ஒரு செம்பழுப்பு அங்கே எங்கும் தெரியும். பக்கத்தில் வெட்டும் அஷினுமா கல்லைப் பொடித்துச் செய்வது அது. பால் வெள்ளை நிறம் உமிச் சாம்பலிலிருந்து வருகிறது. உமி என்றதும் நமக்குப் பேச ஆயிரம் இருக்கும். கடைசியாக, நீங்கள் எடுத்த கலத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தைக் காட்டிக் கேளுங்கள். கலத்தின் அடிவளையத்தைக் ‘கோதாய்’ என்பார்கள். அதைக் கவனிக்கும் விருந்தாளியைக் கண்டால் குயவர் முகம் மலர்ந்துவிடும். எந்த மண், எப்படிச் சீவினார், சூளையில் எதன் மேல் வைத்தார் எல்லாம் அங்கேதான் தெரியும்.

ஒன்பதாம் படி: நீங்களே வனைந்து பார்ப்பது

சக்கரத்தில் வனைவது, கையாலேயே பிடித்துச் செய்வது, சுட்ட கலத்தில் ஓவியம் தீட்டுவது என்று தைக்கென் மூன்று வகை. முதல் முறை என்றால் கையால் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் பாதி வேலையை ஆசிரியர் கைதான் செய்யும். கையால் செய்ததில் உங்கள் விரல் தடம் இருக்கும். ஏற்கெனவே வேறு இடத்தில் சக்கரம் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜப்பானில் சக்கரம் கடிகார முள் திசையில் சுற்றும். மேற்கத்திய முறையில் கற்றவர்கள் முதல் அரை மணி திணறுவார்கள்.

காசு கட்டும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: சுட்டபின் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ அனுப்புவீர்களா? காய்ந்து, சுட்டு, மேல்பூச்சு பூசி, மறுபடி சுட்டு முடிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். சில இடங்களில் உள்நாட்டு முகவரிக்கு மட்டுமே அனுப்புவார்கள். கலம் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கும் என்பதால், காபிக் கோப்பை வேண்டுமென்றால் பெரிதாகவே செய்யுங்கள்.

பத்தாம் படி: வாங்குவது

பேரம் பேசக்கூடாது. இது கண்டிப்பு. அன்றாடக் கோப்பை ஒன்று பெரும்பாலும் 2,000 முதல் 5,000 யென்னுக்குள் இருக்கும். கை நிறைய வாங்குவதைவிட தினமும் எடுக்கப்போகும் ஒன்றை வாங்குங்கள். உதட்டில் படும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மேசையைக் கீறுமா என்று அடியைத் தடவுங்கள். நம் சமையலுக்குப் புளியும் மஞ்சளும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பூச்சில்லாத, வெளிர் நிறக் கலத்தில் மஞ்சள் ஏறினால் போகாது. ரசத்துக்கு மேல்பூச்சு உள்ள கருநிறக் கிண்ணம் நல்லது. நுண்ணலை அடுப்பில் வைக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பூச்சில் மெல்லிய வலைபோல் விரிசல் இருந்தால் அது குறை அல்ல. உடைந்த விரிசலா என்று அறிய விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். நல்ல கலம் மணிபோல ஒலிக்கும், உடைந்தது ‘டொக்’ என்னும். சந்தையில் பானை வாங்கும் நம் பாட்டிகள் செய்ததுதான். ஆனால் அதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பதினோராம் படி: கட்டுவது

உள்ளே காகிதம் அடைக்க வேண்டும், வெளியே மூன்று சுற்று. கைப்பிடி, மூக்கு எல்லாவற்றையும் தனியாகச் சுற்றி, பிறகு முழுதாகச் சுற்றுங்கள். ஒன்றுக்குள் ஒன்றை அடுக்காதீர்கள். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பெட்டியைக் குலுக்கினால் ஓசையே வரக்கூடாது. பிரியமான ஒன்று கைப்பையில் வரட்டும். நிறைய வாங்கிவிட்டால் அஞ்சலகத்தின் ஈஎம்எஸ் சேவையில் அனுப்பலாம். ஒருமுறை அவசரத்தில் துணிக்குள் சுருட்டிப் பெரிய பெட்டியில் போட்ட சாஸ் கிண்ணம் மூன்று துண்டாக வந்து சேர்ந்தது. அதைச் செய்தவர் அன்று மாலைதான் அடிவளையத்தைச் சீவிக் காட்டியிருந்தார்.

பன்னிரண்டாம் படி: வீட்டுக்கு வந்தபின்

புதுக் கலத்தை நேரே பயன்படுத்தாதீர்கள். ‘மெதோமே’ என்று ஒரு முறை இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரில் கலத்தை மூழ்க வைத்து, சிறு தீயில் இருபது நிமிடம் காய்ச்சி, அப்படியே ஆற விட்டுக் கழுவ வேண்டும். மாவுச்சத்து நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும், கறை ஏறாது. மாஷிகோப் பெரியவர் இதைச் செயலி வழியாகப் பொறுமையாக விளக்கியபோது, புதுச் சட்டியில் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கும் என் அம்மாவைப் பற்றி நான் சொன்னேன். செயலி அதை எப்படி மொழிபெயர்த்ததோ, அவர் உள்ளே போய்த் தன் மனைவியை அழைத்து வந்து என்னை மறுபடி சொல்லச் சொன்னார்.

கலத்தின் அடியில் இருக்கும் முத்திரையைப் படம் எடுத்து, பட்டறைப் பெயர், தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு மாதம் பயன்படுத்தியபின் அதில் நீங்கள் காபி குடிப்பதையோ மோர் ஊற்றியிருப்பதையோ படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். என் படத்துக்கு இரண்டே நாளில் பதில் வந்தது. உள்ளே இருப்பது என்ன, ஏன் நுரை இவ்வளவு உயரமாக இருக்கிறது, அதற்கு இன்னும் உயரமான கோப்பை வேண்டுமா என்று கேட்டிருந்தார்.